தேதி போடாத கடிதங்கள்

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். இருபத்து நாலு உயரமான நாற்காலிகள் வரிசையாக இருக்கும். எதிரே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு துளை. விளக்கு எரிந்தால் பிளக்கைத் துளையில் செருகி, எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டு, இரண்டு பேரையும் இணைத்துவிட வேண்டும். நான் எட்டாம் சீட்டு. அதனால் என்னை 'எட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நாள் யாரையோ கூப்பிடுகிறாள் என்று சும்மா இருந்துவிடுவேன்.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. எங்கள் சூப்பர்வைசரைப் பற்றி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கம்பி'. நின்றாலும் நடந்தாலும் உட்கார்ந்தாலும் அவர் முதுகு வளைந்து நாங்கள் பார்த்ததில்லை. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடப்பார். பக்கத்து சீட்டில் கிசுகிசுத்தால், "உங்க வீட்டுக் கதையை லைன்ல இருக்கறவரும் சேர்ந்து கேட்டுட்டிருக்கார்" என்று தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். தூக்கிவாரிப் போடும். கல்யாணம் ஆகாதவர். இறந்துபோன அக்காவின் மகளைத் தானே வளர்க்கிறார் என்று கேள்வி. ஒருமுறை நுரையீரல் கோளாறு என்று நாலு மாதம் படுத்தாராம். அதைத் தவிர இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மேனேஜர் பெருமையடிப்பார்.

கம்பெனியில் ஒரு விதி இருந்தது. கல்யாணமானால் பெண் வேலையை விட வேண்டும். லைன்மேன்களுக்கு அந்த விதி இல்லை. அவர்களுக்குக் கல்யாணமானால் கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுக்கும். நாங்கள் வேலையில் சேரும் அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில், "சொந்தக் காரணங்களால் வேலையை விட்டு விலகுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். தேதி மட்டும் போடக் கூடாது. அதை அவர்கள் தேவைப்படும்போது போட்டுக்கொள்வார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பது வயது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் மரண வாக்குமூலம் கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேன். அந்தக் கடிதங்கள் எல்லாம் சூப்பர்வைசர் அறை இரும்பு பீரோவில் இருந்தன. சாவி கம்பியிடம்.

ஏழாம் சீட்டு என் சிநேகிதி. வாய் ஓயாதவள். அவள் யாருக்கும் சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான். ஐந்து மாதம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒரு லைனை இணைத்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள். கம்பெனி டாக்டர் வந்து பார்த்தார். மூன்று மாதம் என்றார். அதை அவளிடம் சொல்வதற்கு முன்னால் மேனேஜரிடம் போய்ச் சொன்னார்.

அவளை ஓய்வறைப் பெஞ்சில் படுக்கவைத்து நான் முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் கையில் ஒரு தாளோடு வந்தார்.

"இது உன் ராஜினாமா. நேத்துத் தேதி. நேத்தே வேலையை விட்டுட்டே. இன்னிக்கு யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. பிறகு விளங்கியது. நேற்றே விலகிவிட்டவள் இன்றைக்கு விழுந்தால் வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை. வாசல் காவல்காரரை விட்டு அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள். ஒரு செருப்பு பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. அந்தத் தாளில் தேதியை எழுதியிருந்த கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் எங்கள் ஷிப்ட் அட்டவணையை எழுதுகிற கை.

நேரே கம்பியிடம் போனேன்.

"மேடம், நீங்களும் ஒரு பொண்ணுதானே? எப்படி மனசு வந்துச்சு?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எட்டு, உன் போர்டுல நாலு விளக்கு எரியுது. போ."

அந்த வாரமே தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதினோம். இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டோம். மனு எழுதுகிறோம் என்று கம்பிக்குத் தெரிந்துவிட்டது. காட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். மூக்கு சிவந்து, ஜலதோஷத்தோடு, கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறையில் உட்கார்ந்தார். மனுதாரர் பக்கத்தில் என்னையும் ஏழாம் சீட்டையும் நிறுத்தினார்கள். கதவு திறந்திருந்தது. போர்டில் இருந்த எல்லோருக்கும் பேச்சு கேட்டது.

மேனேஜர் தயாராக வந்திருந்தார். "கல்யாணமான பொண்ணுக்குக் கவனம் ரெண்டாப் பிரிஞ்சிடும் சார். பிள்ளைக்குக் காய்ச்சல்னா இங்க லைன் அறுந்துடும். அதைவிட, குரலே மாறிடும்."

"குரல் எப்படிங்க மாறும்?" என்றார் அதிகாரி, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"அதுல ஒரு சலிப்பு வந்துடும் சார். கால் பண்றவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் விடவில்லை. "ஆதாரம் கேட்டா என் சூப்பர்வைசரையே காட்டுவேன். இருபத்திரண்டு வருஷம். ஒரு புகார் கிடையாது. ஏன்? குடும்பம்னு ஒண்ணு இல்லை. கூப்பிடுறேன், நீங்களே கேளுங்க."

கம்பி வந்தார். கையில் ஒரு துணிப்பை. எதிராகத்தான் சொல்லப்போகிறார் என்று ஏழு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மேனேஜர் சொன்னது சரிதானாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"வேலையைப் பத்திச் சொன்னது சரி சார். மத்தது தப்பு. எனக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆச்சு."

மேனேஜர் சிரித்தார். "மேடம் தமாஷ் பண்றாங்க."

"என் வீட்டுக்காரர் மார்க்கெட் தெருவில வாட்ச் ரிப்பேர் பண்றவர். நுரையீரல் நோய்னு நாலு மாசம் லீவு போட்டேனே, அந்த நோய்க்கு இப்பப் பதினேழு வயசு. ஸ்கூல் முடிக்கப்போகுது." பையிலிருந்து இரண்டு சான்றிதழ்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "எனக்கு அக்காவே கிடையாது சார்."

மேனேஜரின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்க மறந்ததுபோல. கம்பி மறுபடி பையில் கை விட்டார். இந்த முறை ஒரு தடித்த கட்டு.

"இதெல்லாம் பீரோவில இருந்த கடிதங்க. முப்பத்தோரு கடிதத்துல தேதி நான் போட்டது. இருபத்து நாலுல இன்னும் போடலை. அதுல என்னோடதும் ஒண்ணு. ஒரே வாசகம், ஒரே மாதிரித் தாள். அத்தனை பேருக்கும் ஒரே சொந்தக் காரணம் எப்படி வரும்னு நீங்க கேக்கணும் சார்."

"வெளிய போங்க!" என்று மேனேஜர் கத்தினார். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. கம்பி அதே நிமிர்ந்த முதுகோடு வெளியே நடந்தார். போர்டு முழுக்க விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒருத்தியும் பிளக்கைத் தொடவில்லை. ஊரில் பாதிப் பேர் காதில் ரிசீவரோடு காத்திருந்திருப்பார்கள். அவர் அதைப் பார்த்தார். படியிறங்கிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஏழும் அவர் வீட்டுக்குப் போனோம். மாடியில் இரண்டு அறை. முன் அறையில் மேசை நிறைய வாட்சுகள் டிக்டிக் என்று ஆளுக்கொரு நேரம் சொல்லிக்கொண்டிருந்தன. கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய ஒருவர் எழுந்து, "வாங்கம்மா" என்றார். பத்தொன்பது வருடமாக அக்கம்பக்கத்துக்கு அவர் முன் அறையில் குடியிருக்கிறவர், அவ்வளவுதான். கதவைத் திறந்த பெண் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"சித்தி, உங்களைத் தேடி வந்திருக்காங்க."

எனக்குச் சுரீர் என்றது. அவளும் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ன பார்க்கறீங்க? வேற மாதிரிக் கூப்பிட வாய் வரலை. மூணு வயசுல பஸ் ஸ்டாப்புல ஒருதடவை 'அம்மா'ன்னு கூப்பிட்டேனாம். பக்கத்துல யாரோ லைன்மேன் நின்னுட்டிருந்தாராம். பளார்னு ஒரு அடி. அதுக்கப்புறம் வீட்டுக்குள்ளயும் கூப்பிட்டதில்லை. அவர் எனக்கு முன் ரூம் மாமா. இப்ப திடீர்னு எல்லாத்தையும் மாத்திக்கோன்னா எப்படி மாத்திக்கறது?"

கம்பி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "ஆமா, அடிச்சேன்" என்றார். வாட்ச்காரர் தலை குனிந்து ஒரு சின்னத் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார். எதுவும் கீழே விழுந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஏழு கேட்டாள்: "இவ்வளவையும் வெச்சுக்கிட்டு என் கடிதத்துல எப்படி மேடம் தேதி போட்டீங்க?"

"பயம். ரொம்பக் கண்டிப்பா இருந்தா யாருக்கும் சந்தேகம் வராதுன்னு கத்துக்கிட்டேன். முப்பது பேருக்குப் போட்டேன். கை நடுங்கினதில்லை. உனக்கு நேத்துத் தேதி போடுங்கன்னார். நீ பெஞ்சுல கிடக்கறே, நான் போட்டேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து நல்லாச் சாப்பிட்டேன், நல்லாத் தூங்கினேன். காலையில எழுந்து, நேத்து எப்படித் தூங்கினோம்னு யோசிச்சேன். அங்கதான் எனக்குப் பகீர்னுச்சு."

ஏழு டீயைத் தொடவில்லை. படியிறங்கும்போது என் காதோரம், "எனக்கு அவங்களைப் பிடிக்கலைடி. என்னிக்கும் பிடிக்காது. ஆனா கேசுக்கு அவங்கதான் வேணும்" என்றாள்.

வக்கீலும் அதையேதான் சொன்னார். ஏழு ஒருத்தி மட்டும் போனால் கம்பெனி ஊதித் தள்ளிவிடும். அனுப்பப்பட்ட எல்லோரும் சேர்ந்து போனால்தான் வழக்கு நிற்கும். முப்பத்தோரு பேரில் ஏழாம் சீட்டைத் தவிர முப்பது பேர். கம்பிக்கு அத்தனை பேரும் ஞாபகம் இருந்தது. சீட்டு நம்பர், வேலையை விட்ட கிழமை, அன்றைக்கு அழுதாளா இல்லையா என்பது உட்பட. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாக நடந்தார். நான் கூடவே போனேன். முதல் வீட்டில் கதவு மூக்கில் இடித்தது. இன்னொரு வீட்டில் மாடியிலிருந்து பாத்திரம் கழுவிய தண்ணீர் தலையில் விழுந்தது. தற்செயலாக விழுந்ததாக நினைக்க வழியே இல்லை. இரண்டாவது வாளியும் வந்தது. கம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவ பதினாலாம் சீட்டு. அப்பவே குறி தப்பாது" என்றார். ஒரு வீட்டில் கணவர் விரட்டினார், மனைவி பின்வாசல் வழியாக ஓடி வந்து தெருமுனையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

ஒரு தையற்கடையில் நடந்ததை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அங்கே வெட்டுமேசை முன்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பார்த்ததும் கத்தரிக்கோல் நின்றது.

"நீங்க தேதி போட்டது வெள்ளிக்கிழமை" என்றாள். "ஞாயித்துக்கிழமை என் கல்யாணம் நின்னு போச்சு. மாப்பிள்ளை வேற இடம் பார்த்துட்டார். திங்கட்கிழமை திரும்ப வேலை கேட்டு வந்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"என்ன சொன்னீங்க?"

"சீட்டுக்கு ஆள் போட்டாச்சுன்னு சொன்னேன்."

"போட்டிருந்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கம்பி, "இல்லை. மூணு வாரம் காலியா இருந்துச்சு" என்றார்.

அந்தப் பெண் பதினாறு வருடமாக, சீட்டு நிரம்பிவிட்டது, தன் நேரம் சரியில்லை என்றே நினைத்திருக்கிறாள். அவள் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். வைத்த விதத்தைப் பார்த்து நான் கம்பியை ஒட்டி நின்றுகொண்டேன். அவள் கையை நீட்டினாள்.

"பேனா கொடுங்க."

கையெழுத்துப் போட்டாள். பிறகு, "இனிமே இந்தத் தெருப் பக்கம் வராதீங்க" என்றாள். கம்பி சரி என்று தலையாட்டினார். திரும்பி நடக்கும்போது முதல் முறையாக அவர் முதுகு வளைந்திருந்ததைப் பார்த்தேன். தெருமுனை போவதற்குள் நிமிர்ந்துவிட்டார்.

ஏழாம் சீட்டையும் சேர்த்து இருபத்திரண்டு பேர் தேறினார்கள். வழக்கு நாலு வருடம் இழுத்தது. அதற்குள் ஏழுக்கு மகன் பிறந்து நடக்க ஆரம்பித்து, கோர்ட் வராந்தாவில் வக்கீலின் அங்கியைப் பிடித்து இழுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். கம்பெனி வேலையிலிருந்து நீக்கிவிட்ட கம்பியும் வழக்கில் சேர்ந்துகொண்டு, ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பில் போன் எடுக்கும் வேலைக்குப் போனார். மகள் படிக்க வெளியூர் போனாள். ஊருக்குக் கடிதம் எழுதும்போது 'அம்மா' என்று எழுதுவாளாம், நேரில் வந்தால் அவசரத்தில் 'சித்தி' என்றே வாயில் வருமாம். வீட்டில் யாரும் திருத்துவதில்லை.

தீர்ப்பு நாளன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. தேதி இல்லாத கடிதம் கடிதமே அல்ல என்று நீதிபதி வாசித்தார். கல்யாணமானால் விலக வேண்டும் என்ற விதி செல்லாது, விலக்கப்பட்டவர்கள் விரும்பினால் வேலைக்குத் திரும்பலாம் என்றார். பின்வரிசையில் கைதட்டல் எழுந்தது, சேவகர் அதட்டினார். தையற்கடைப் பெண் யாரோடும் பேசாமல் மூலையில் அழுதுகொண்டிருந்தாள்.

நீதிபதி இன்னும் முடிக்கவில்லை. ஒரு பத்தி பாக்கி இருந்தது. சூப்பர்வைசர் பத்தொன்பது வருடம் நிர்வாகத்துக்குப் பொய்யான தகவல் கொடுத்தவர். பொய்ச் சான்று காட்டி லீவு எடுத்தவர். அவரை வேலையிலிருந்து நீக்கியது நியாயமே. வேலையும் இல்லை, பென்ஷனும் இல்லை.

காது தவறாகக் கேட்கிறது என்றுதான் நினைத்தேன். விதியே செல்லாது என்றால், அந்த விதிக்குப் பயந்து சொன்ன பொய் மட்டும் எப்படிக் குற்றமாகும்? இருபத்திரண்டு பேருக்குக் கதவு திறந்தது, அதைத் திறந்தவர் முகத்தில் அதே கதவைச் சாத்திவிட்டார்கள். அப்போது என் பக்கத்தில் ஏழு எழுந்து நின்றாள். நாலு வருடத்தில் கம்பியிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாதவள்.

"ஐயா, அந்தப் பொய் இல்லைன்னா இந்தத் தீர்ப்பே இல்லையே! அவங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?"

சேவகர் ஓடி வந்து அவளை உட்கார வைத்தார். கம்பி எதிரே பார்த்தபடி இருந்தார். வெளியே வந்ததும் வக்கீலிடம், "அப்பீல் போடுங்க" என்றார். போட்டோம். மூன்று வருடம் நடந்தது. தோற்றோம்.

இவ்வளவு பட்டவர் வீட்டோடு இருப்பார் என்று நான் நினைத்தேன். ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் கர்ப்பமில்லை என்று டாக்டர் சீட்டு கொண்டுவந்தால்தான் பெண்களுக்கு வேலை என்று கேள்விப்பட்டு, அதன் வாசலில் போய் நின்றார். பஸ் டிப்போ பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு ஒன்பது மாதம் நடந்தார். அவரை மேடைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும், தான் தேதி போட்ட முப்பத்தோரு பேரைப் பற்றித்தான் முதலில் பேசுவார். கூட்டம் நடத்துகிறவர்களுக்கு அது தோதுப்படாது. ஏழு வேலைக்குத் திரும்பிப் பத்து வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கும் கல்யாணமாயிற்று, கடிகாரம் கொடுத்தார்கள், மூன்று பிள்ளைகளோடு வேலை பார்த்து, சூப்பர்வைசராகவே ஓய்வு பெற்றேன். கம்பியின் கணவர், அந்த வாட்ச்காரர், போன வருடம் காலமானார்.

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தது. "இங்க ஒரு வயசான அம்மா காலையிலிருந்து உட்கார்ந்திருக்காங்க. உங்க நம்பர் கொடுத்தாங்க. கொஞ்சம் வந்து சொல்லுங்க" என்றார் கவுன்டர்காரர். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கம்பி, எழுபத்தெட்டு வயது, பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் நோயாளி படிவம். எல்லாம் நிரப்பியிருந்தது, ஒரு கட்டம் மட்டும் காலி: தகப்பனார் அல்லது கணவர் பெயர்.

"ஒரு பேர்தானேம்மா, எழுதிட்டுப் போங்களேன்" என்றார் கவுன்டர்காரர், பாவம், களைத்துப்போய்.

"எழுத மாட்டேன்னு சொல்லலைப்பா. என் முட்டி வலிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்லு, எழுதறேன். ஆம்பளைங்க படிவத்துல பெண்டாட்டி பேர் கேக்கறியா?"

கவுன்டர்காரர் பக்கத்து அடுக்கிலிருந்து ஆண்கள் படிவம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அதில் அந்தக் கட்டமே இல்லை. எழுந்து பெரிய டாக்டரைப் பார்க்க உள்ளே போனார்.

நான் கம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன வாரம்தான் இதே கவுன்டரில் இதே படிவத்தை என் முதுகு வலிக்காக நிரப்பிக் கொடுத்திருந்தேன். கணவர் பெயரை அழகாக, கோடு தாண்டாமல் எழுதியிருந்தேன். அப்படி ஒரு கட்டம் இருந்ததே என் கண்ணில் படவில்லை.